மறுமுறை ஏற்றினால் எது மிஞ்சும்: ஒரு விளையாட்டு மேப்புக்கு நிலப்பரப்பு மென்பொருள் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட பணி

மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு, தன் விளையாட்டின் ஒரே ஒரு மேப்புக்காக, அதாவது ஆட்டம் நடக்கும் களத்துக்காக, நிலப்பரப்பு உருவாக்கும் மென்பொருளை இருமுறை தேர்ந்தெடுக்க நேர்ந்தது. அந்த இரண்டு தேர்வுகளையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. முதல் தேர்வு பிசகியதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. தேர்வுக்கு முன் நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வியே தவறானது. குழுவில் ஒருவர் நிரல் எழுதுபவர். இன்னொருவர் களவடிவமைப்பாளர், ஆட்டக்காரர் எங்கிருந்து எங்கே போவார், எங்கே ஒளிவார், எந்த மேட்டிலிருந்து எந்தப் பாலம் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர். மலை, பள்ளத்தாக்கு, ஆறு ஆகியவை என் பொறுப்பு.

விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் பலர் சேர்ந்து ஆடும் களம் அது. நடுவே ஓர் ஆறு, அதன் கரையில் மூன்று குடியிருப்புகள், வடக்கே ஒரு கணவாய், கிழக்கே ஒரு கணவாய். களத்தின் பக்க அளவை நடை வேகத்தைக் கொண்டு முடிவு செய்தோம். அந்த எஞ்சினின் கதாபாத்திரத்துக்கு இயல்பாக அமைந்துள்ள வேகம் நொடிக்கு 6 மீட்டர். அந்த வேகத்தில் 4,032 மீட்டரை நேர்கோட்டில் கடக்க 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதைவிடப் பெரிதாக்கினால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தேடியே சலித்துவிடுவார்கள் என்று களவடிவமைப்பாளர் சொன்னார். அதை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. எண் சரியாக 4,032 ஆனதற்கும் காரணம் உண்டு. அன்ரியலின் நிலப்பரப்பு பக்கத்துக்கு 1,009, 2,017, 4,033, 8,129 புள்ளிகள் போன்ற சில அளவுகளில்தான் சிக்கலின்றிப் பொருந்தும். 4,033 புள்ளிகளுக்கு நடுவே 4,032 இடைவெளிகள். இடைவெளிக்கு ஒரு மீட்டர். யூனிட்டி என்ற வேறொரு எஞ்சினில் செய்திருந்தால் 2,049 அல்லது 4,097 என, இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணைப் பிடித்திருப்போம்.

ஆற்றின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மலையுச்சிக்கும் இடையே 600 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கையில் இருந்த பணம் சொற்பம். ஒருமுறை வாங்கினால் போதும் என்கிற உரிமத்தையே விரும்பினோம். களவடிவமைப்பாளரிடம் இருந்தது மேக் கணினி, மற்ற இருவரிடமும் விண்டோஸ். இதை அப்போது நாங்கள் பொருட்படுத்தவில்லை.

முதல் தேர்வு

முதல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவன் நான். தேர்ந்தெடுத்த விதத்தை மறைக்காமல் சொல்வதானால், அதில் பிறர் உருவாக்கிய படங்களைப் பார்த்து மயங்கினேன். பனி படர்ந்த முகடுகள், நீரரிப்பில் வரி வரியாக வெட்டுண்ட சரிவுகள், அடிவாரத்தில் விசிறியாக விரிந்து கிடக்கும் வண்டல் எல்லாம் கண்ணைப் பறித்தன. இரண்டு வாரத்தில் எங்கள் பள்ளத்தாக்கும் அதே அழகோடு முன்னோட்டத் திரையில் வந்து நின்றது.

அடுத்த படி, அதை ஹைட்மேப்பாக வெளியே எடுத்து எஞ்சினுக்குள் ஏற்றுவது. ஹைட்மேப் என்பது சாம்பல் நிறப் படம்தான். ஒவ்வொரு பிக்சலின் வெளிச்ச அளவும் அந்த இடத்தின் உயரத்தைக் குறிக்கும். 8 பிட் படத்தில் 256 படிநிலைகள் மட்டுமே இருப்பதால், 600 மீட்டரை அவற்றுக்குள் அடக்கும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறத்தாழ 2.35 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். 16 பிட் படத்தில் 65,536 படிநிலைகள் இருப்பதால் அதே வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. மென்பொருளிலிருந்து 16 பிட் பிஎன்ஜி கோப்பாகத்தான் எடுத்தேன். ஆனால் ஆற்றின் வளைவு ஒன்றில் கரை சற்றே உயர்ந்திருந்ததைச் சரிசெய்வதற்காக, அந்தக் கோப்பை படங்களைத் திருத்தும் ஒரு மென்பொருளில் திறந்து, மெல்லிய தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்துச் சேமித்தேன். அங்கே 8 பிட் அமைப்பு இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருமுறை 256 படிகளாக நசுங்கிய உயரங்களைத் திரும்ப 16 பிட்டாகச் சேமிப்பதால் கோப்பின் எடை கூடுமே தவிர, தொலைந்த உயரங்கள் திரும்புவதில்லை.

நண்பகல் வெளிச்சத்தில் களம் நன்றாகவே இருந்தது. மாலை வெளிச்சத்துக்கு மாற்றியபோது, புல்வெளிச் சரிவு முழுவதும் ஒரே சீரான கோடுகள் தெரிந்தன. நிழல் அமைப்பில் ஏதோ கோளாறு என்று எண்ணி ஒன்றரை நாள் அதைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு களவடிவமைப்பாளர் ஒரு கதாபாத்திரத்தை அந்தச் சரிவில் ஓடவிட்டுக் காட்டினார்: கேமரா ஒவ்வொரு சில அடிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. அது புல்வெளி அல்ல, படிக்கட்டு.

இந்தப் பிழையைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அடுத்து வந்ததுதான் பெரிய அடி. எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் கருவிகளைக் கொண்டு களவடிவமைப்பாளர் ஒன்பது நாள் உழைத்து, மூன்று குடியிருப்புகளுக்கும் நிலத்தைச் சமன்படுத்தி, கணவாய்களுக்குப் பாதை வெட்டி, பாலத்துக்கு இரு கரைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் வடக்குக் கணவாயின் சரிவு 52 டிகிரி என்பது தெரியவந்தது. அன்ரியலின் கதாபாத்திரம் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் நடக்காது. அதற்கு அது சுவர். ஆகவே மலையையே மாற்ற வேண்டியிருந்தது. நான் மூல மென்பொருளுக்குத் திரும்பி, மலையை மாற்றி, புதிய ஹைட்மேப்பை எடுத்து, பழையதன் மேல் ஏற்றினேன். ஒன்பது நாள் வேலை ஒரே சொடுக்கில் மறைந்தது. காப்புப் பிரதி இருந்ததால் பழைய களத்தை மீட்டுவிட்டோம். ஆனால் புதிய மலையா, பழைய ஊர்களா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

கேள்வியை மாற்றியது

அன்று மாலை மூவரும் பேசியதில், நாங்கள் தேர்வு செய்த முறையே தலைகீழ் என்பது விளங்கியது. ‘எது அழகான மலையைத் தரும்’ என்று கேட்டிருந்தோம். ஒரு மேப்பின் நிலப்பரப்பு ஒரேயொரு முறை செய்து முடிக்கப்படுவதே இல்லை; ஆடிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஏற்றி, மறுபடி ஆடிப் பார்த்துத்தான் அது தேறும். எனவே, மலையைப் பத்தாவது முறை மாற்றும்போது அதன்மேல் மனிதக் கை செய்த வேலையில் எவ்வளவு மிஞ்சும் என்பதே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் படத்தின் அழகை மட்டும் வைத்து மென்பொருளை மதிப்பிடுவது, பெண் பார்க்கப் போன இடத்தில் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

சில விளையாட்டுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுக்கு மேப் செய்பவருக்கு, அந்த விளையாட்டே பாதித் தேர்வை முடித்து வைத்துவிடுகிறது. நகரம் கட்டும் விளையாட்டான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸின் முதல் பாகம் 1,081 பிக்சல் பக்கமுள்ள 16 பிட் படத்தை எதிர்பார்க்கும், அது 17.28 கிலோமீட்டர் பக்கமுள்ள நிலமாக விரியும், அதாவது பிக்சலுக்கு 16 மீட்டர். அவ்வளவு அகலமான இடைவெளியில் நுணுக்கமான அரிப்பு வரிகளுக்குப் பணம் கொடுப்பது வீண். உண்மையான உயரத் தரவே அங்கே போதும். மைன்கிராஃப்டுக்கு வேர்ல்ட்பெயின்டர் என்ற இலவச மென்பொருள், அந்த விளையாட்டைப் போலவே கனசதுரக் கட்டங்களாகவே சிந்திக்கிறது. அந்த விளையாட்டின் 1.18 பதிப்பில் உலகின் உயரம் 256 கட்டங்களிலிருந்து 384 கட்டங்களாக உயர்ந்தது. அதற்கு முந்தைய உலகத்துக்கு 8 பிட் படமே கச்சிதமாகப் பொருந்தியது என்பது, புல்வெளியில் படிக்கட்டு கட்டிய எனக்குச் சிறிது பொறாமையைத் தந்த செய்தி. சொந்த எஞ்சின் வேலை என்றால் இப்படிக் கைபிடித்து நடத்த யாரும் இல்லை.

உண்மையான பள்ளத்தாக்கு ஒன்றின் தரவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினோரு நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரையிலான நிலம் அதில் அடங்கும். ஆனால் அதன் அளவுப்புள்ளிகள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்று. எங்கள் நான்கு கிலோமீட்டர் பக்கத்தில் சுமார் 134 புள்ளிகள்தான் விழும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் வரும் முப்பது மீட்டரை மென்பொருள் இழைத்து நிரப்பும்போது, பாறையும் ஓடையும் இல்லாத, சோப்புக்கட்டி தேய்ந்தது போன்ற நிலமே கிடைக்கிறது. ஒரு குடியிருப்பே எண்பது மீட்டர் அகலமுள்ள களத்தில் அது ஒத்துவராது. பெரிய வடிவத்தை அதிலிருந்து எடுத்து, நுணுக்கத்தை வேறொன்றில் சேர்க்கலாம். அப்போதும் அந்த வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கடன் நீங்காது.

சோதனை

எனவே எல்லா மென்பொருளுக்கும் ஒரே சிறு வேலையைக் கொடுத்தோம். 1,009 புள்ளி பக்கமுள்ள துண்டு நிலம். அதில் ஒரு மேடு, ஓர் ஆறு, 80 மீட்டர் அகலச் சமதளம் ஒன்று. அதை எஞ்சினில் ஏற்ற வேண்டும். மேட்டை மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். சமதளம் அதே மட்டத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பிறகு அதே கோப்பைக் குழுவின் இன்னொருவர் தன் கணினியில் திறந்து, என்னைக் கேட்காமலேயே அதே நிலத்தைக் கட்ட வேண்டும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் வைக்கவில்லை.

எஞ்சினின் சொந்தக் கருவிகளை மட்டும் பயன்படுத்துவது முதல் சோதனை. கைவேலை அழியும் பேச்சே அங்கு இல்லை. ஆனால் பதினாறு சதுர கிலோமீட்டர் மலையைத் தூரிகையால் தீட்டுவது நடக்காத காரியம், தீட்டினாலும் அது மலையாகத் தெரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட, சீரற்ற எண்களைக் கொண்டு இயங்கும் நாய்ஸ் முறை போன்றவற்றால் மேடுபள்ளங்களை எளிதாக உண்டாக்கலாம். ஆனால் அந்த நிலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். உண்மையான மலை அப்படி இல்லை: நீர் கீழ்நோக்கி ஓடி, சிற்றோடைகள் ஒன்றோடொன்று கூடி மரக்கிளை போன்ற வடிவத்தைச் செதுக்குகின்றன; முகடுகள் கூர்மையாகின்றன, அடிவாரங்கள் நிரம்புகின்றன. அதே துறையைச் சேர்ந்த மஸ்கிரேவும் அவருடைய சகாக்களும் 1989இல் நீரரிப்பைக் கணக்கிட்டு நிலத்தைச் செதுக்கும் முறையை முன்வைத்தார்கள். இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் ஏதோ ஒரு வடிவில் அந்த வழியில்தான் நடக்கின்றன.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நிலம் உருவாக்கும் துணைக்கருவி உண்டு, செலவும் இல்லை. ஆனால் அது முப்பரிமாண வலையாக நிலத்தைத் தருகிறது. 4,033 புள்ளி பக்கமென்றால் ஒரு கோடியே அறுபத்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முனைகள். அதை ஹைட்மேப்பாக மாற்றி எடுப்பது சுற்று வழி. விரைவில் விட்டுவிட்டோம்.

ஹூடினி என்ற முப்பரிமாண மென்பொருள் எல்லாச் சோதனையிலும் தேறியது. 2017இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து அதில் நிலப்பரப்புக்கென்றே தனிக் கருவிகள் உண்டு. மேக் கணினியிலும் ஓடும். அன்ரியலுக்குள்ளிருந்தே அதை இயக்கும் இணைப்பும் இருக்கிறது. கற்பவர்க்கான இலவசப் பதிப்பு வணிகத்துக்குப் பயன்படாது, சிறு குழுக்களுக்கான பதிப்புக்கு வருமான வரம்பு உண்டு என்பவை எங்களுக்குத் தடைகளாக இல்லை. கற்றுக்கொள்ளும் காலம்தான் தடை. மூன்று வாரம் உட்கார்ந்தும் நான் அதில் தட்டுத்தடுமாறித்தான் நடந்தேன். ஒரு மேப்புக்குப் பதில் பத்து மேப்புகள் இருந்திருந்தால், தயங்காமல் அதையே எடுத்திருப்போம்.

இறுதியில் நிலப்பரப்புக்கென்றே உள்ள கயாவும் வேர்ல்ட் மெஷினும் எஞ்சின. இரண்டும் நோடுகளை இணைத்து நிலத்தைக் கட்டுபவை. ஒவ்வொரு நோடும் ஒரு செயல், கம்பி வழியே உயரங்கள் அடுத்த செயலுக்குப் போகின்றன. நடுவில் எதை மாற்றினாலும் அதற்குப் பின்னால் இருப்பவை தாமாகவே மறுபடி கணக்கிடப்படும். அரிப்பின் தோற்றத்தில் என் கண்ணுக்கு முன்னதே ஒரு படி மேல். ஆனாலும் வேர்ல்ட் மெஷினைத் தேர்ந்தெடுத்தோம். அதில் களத்தின் அகலத்தைக் கிலோமீட்டரிலும் உயரத்தை மீட்டரிலும் சொல்லலாம் என்பதோடு, மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் கோடுகளையும் பரப்புகளையும் நேரடியாக வரைந்து, அவற்றையே நோடுகளுக்கு உள்ளீடாகக் கொடுக்கவும் முடிகிறது. ஊர் எங்கே வர வேண்டும் என்பதை ஒரு பரப்பாக வரைந்து வைத்தால், மலையை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பரப்பு அதே இடத்தில் இருக்கும். இது எங்கள் கைப்பழக்கத்துக்கு ஒத்துவந்த தேர்வு. அரிப்பைக் கூர்ந்து செதுக்க விரும்புபவர் மற்றதை எடுத்தால் தவறு சொல்ல மாட்டேன்.

சோதனையில் இன்னொன்றும் பிடிபட்டது. எந்த மென்பொருளானாலும், சிறிய அளவில் ஓட்டிய அரிப்பும் முழு அளவில் ஓட்டிய அரிப்பும் ஒன்றாக இருப்பதில்லை. பிக்சல் சிறிதாகும்போது நீர் புதிய வழிகளைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆயிரம் பிக்சல் முன்னோட்டத்தில் குடியிருப்புக்கு மேற்கே ஓடிய ஓடை, நாலாயிரத்தில் குடியிருப்புக்கு நடுவே ஓடியது. அதன்பின் முக்கிய முடிவுகளை முழு அளவில் கட்டிப் பார்த்த பிறகே எடுத்தோம். காத்திருக்கும் நேரம் கூடியது, வாக்குவாதம் குறைந்தது.

லேயருக்குள் இருந்த கணக்கு

மென்பொருளை மாற்றியது பாதித் தீர்வு மட்டுமே. அன்ரியலில் நிலப்பரப்பைப் பல லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக, பிரித்துத் திருத்தும் வசதி இருக்கிறது. அடி லேயரில் ஹைட்மேப்பையும் மேல் லேயரில் கைவேலையையும் வைத்தால், அடியை மறுபடி ஏற்றும்போது மேலே உள்ளது அழியாது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒன்பது நாள் வேலை தப்பியிருக்குமே என்று நிரல் எழுதுபவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோதனைத் துண்டில் செய்து பார்த்தபோது சமதளம் அழியவில்லைதான். ஆனால் சமதளமாகவும் இல்லை.

மேல் லேயர் நாம் தொட்ட இடத்தின் இறுதி உயரத்தை நினைவில் வைப்பதில்லை. அடியிலிருந்து எவ்வளவு ஏற்றினோம் அல்லது இறக்கினோம் என்ற வித்தியாசத்தை மட்டுமே வைத்திருக்கிறது. ஓரிடத்தில் அடி நிலம் 212 மீட்டர், அதை 210க்கு இறக்கினால் லேயரில் பதிவாவது −2. பக்கத்தில் 208 மீட்டர் இருந்ததை 210க்கு ஏற்றினால் பதிவாவது +2. இப்போது மலையை மாற்றியதால் இரண்டு இடங்களிலும் அடி நிலம் 209 ஆகிவிட்டது என்று கொள்வோம்: ஒன்று 207க்கு இறங்கும், மற்றது 211க்கு ஏறும். புதிய நிலம் தன்னளவில் சமமாகவே இருந்தாலும், பழைய கைவேலை அதில் நான்கு மீட்டர் மேடுபள்ளத்தை உண்டாக்கிவிடும்.

இதிலிருந்துதான் வேலைப் பங்கீடு தெளிவானது. மட்டம் முக்கியமாக உள்ள எதுவும் கைவேலை லேயரில் இருக்கக் கூடாது. அது மூல மென்பொருளுக்குள்ளேயே போக வேண்டும். குடியிருப்புகளின் எல்லைகளைக் களவடிவமைப்பாளர் தன் மேக் கணினியில் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில், 4,033 பிக்சல் பக்கமுள்ள 16 பிட் மாஸ்க் படமாக, அதாவது எந்த இடங்கள் என்று மட்டும் குறித்துக் காட்டும் படமாக, தீட்டினார். நான் அதை வேர்ல்ட் மெஷினில் உள்ளிட்டு, அந்த எல்லைக்குள் நிலம் குறிப்பிட்ட உயரத்துக்குச் சமன்படும்படியும், ஓரத்தில் பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்கு இயல்பான சரிவோடு கலக்கும்படியும் அமைத்தேன். அரிப்பு முடிந்த பிறகே சமன்படுத்தும் நோடு வர வேண்டும். முன்னால் வைத்தால் நீர் சமதளத்தையும் அறுத்துவிடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை மேக் பயனர் தொடாமலேயே களத்தை ஆள முடிந்தது இப்படித்தான். சாலைகளை எஞ்சினின் வளைகோட்டுக் கருவியிலேயே விட்டோம். அவற்றுக்கான தனி லேயர், அடி நிலம் மாறும்போது தன் வடிவத்தைத் தானே மறுபடி கணக்கிட்டுக்கொள்கிறது. கைவேலை லேயரில் மிஞ்சியவை, நான்கு மீட்டர் பிசகினாலும் கெடாதவை: பாறை இடுக்கு, சிறு மேடு, ஒளிய ஒரு பள்ளம்.

ஹைட்மேப்பில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான் என்பதால், குகையும் முன்னோக்கித் துருத்திய பாறையும் எந்த மென்பொருளிலும் இந்த வழியில் வராது. அவற்றைத் தனி முப்பரிமாணப் பொருள்களாகச் செய்து மேலே வைத்தோம்.

மூன்றாம் சுற்று

உண்மையான சோதனை வடக்குக் கணவாயில் நடந்தது. 90 மீட்டர் ஏற்றத்தை 52 டிகிரியில் ஏறினால் கிடைத்தளவில் சுமார் 70 மீட்டர் போதும். அதையே 41 டிகிரிக்குக் குறைத்தால் ஏறத்தாழ 104 மீட்டர் தேவை. ஆகவே சரிவின் அடிவாரம் முப்பது மீட்டருக்கு மேல் தெற்கே, மூன்றாம் குடியிருப்பின் விளிம்பு வரை நகர வேண்டியிருந்தது. வேர்ல்ட் மெஷினில் மாற்றி, 45 டிகிரிக்கு மேற்பட்ட இடங்களைச் சிவப்பாகக் காட்டும் மாஸ்க் ஒன்றையும் உடன் எடுத்து, கணவாய்ப் பாதையில் சிவப்பு இல்லை என்று கண்ட பிறகு எஞ்சினில் ஏற்றினோம்.

மூன்று குடியிருப்புகளும் தத்தம் மட்டத்தில் இருந்தன. சாலை புதிய சரிவின் மேல் தானே படிந்தது. கைவேலை லேயரில் இரண்டு பாறை இடுக்குகள் ஆழமாகிவிட்டிருந்தன. களவடிவமைப்பாளருக்கு அவை பிடித்துப்போனதால் அப்படியே விட்டார். பாலத்தின் வடக்குக் கால் மட்டும் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலம் தனிப் பொருள் என்பதால் அதன் கரை எந்த மாஸ்க்கிலும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே கிரிட்டாவில் இரண்டு சிறு சதுரங்கள் சேர்ந்தன.